லைன் டீச்சர் வாங்கிய காது மெஷின்

"இத மாட்டிகினு விசில் ஊதலாமா?"

அமல்ராணி டீச்சர் கேட்ட இந்தக் கேள்வி திண்டிவனம் மெடிக்கல் ஷாப்காரருக்குப் புதிது. மெஷினை மாட்டிக்கொண்டு தூங்கலாமா, தலைக்கு ஊற்றலாமா, போன் பேசலாமா என்று கேட்டவர்கள் உண்டு. விசில் பற்றி யாரும் கேட்டதில்லை.

"எதுக்கும்மா விசிலு?"

"ஊதத்தான்."

அவர் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தாரே தவிர விசில் பற்றி எதுவும் போடவில்லை.

டீச்சருக்கு வயது ஐம்பத்து நாலு. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விழுப்புரம் ஜில்லாவில் கபடி ஆடுகிற பெண்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'லைன் டீச்சர்' என்றால் தெரியும். காலேஜ் நாளில் நல்ல ரைடர். முட்டி போன பிறகு அம்பயர் பரீட்சை எழுதி, இருபத்தேழு வருஷமாக மைதானத்தின் ஓரக்கோட்டில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை, மத்தியானம் மேட்ச். வெள்ளை டிராக் பேண்ட், வெள்ளை டி-ஷர்ட், கழுத்தில் கருப்புக் கயிற்றில் விசில்.

கபடியில் ரைடு போகிற பெண் எதிர் அணியின் கோர்ட்டில் கால் வைப்பதற்கு முன் 'கபடி' சொல்லத் தொடங்கிவிட வேண்டும். திரும்பி வந்து சேரும்வரை ஒரே மூச்சில், விடாமல் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் அவுட். இதைக் கேண்ட் என்பார்கள். யாரைத் தொட்டாள், எங்கே கால் வைத்தாள் என்பதையெல்லாம் ஊரே பார்க்கலாம். கேண்ட் அறுந்ததை மட்டும் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். அதற்காகத்தான் இரண்டு ஓரக்கோட்டிலும் ஆளுக்கொரு அம்பயர்.

அந்தக் கேட்கிற வேலையில்தான் போன மாதம் பிரம்மதேசத்தில் கோளாறு ஆகிவிட்டது. கடைசி ரைடு, ஒரு பாயிண்ட் வித்தியாசம். ரைடர் டீச்சருக்கு மூன்றடி தள்ளி நின்று மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். டீச்சருக்குக் கேட்கவில்லை. பாயிண்ட் கொடுத்துவிட்டார். தோற்ற அணியின் கேப்டன் யாரோ எடுத்த போன் வீடியோவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். சுற்றி நின்ற இருபது பேருக்கும் அந்த மூச்சு கேட்டது. டீச்சர் போனை வாங்கித் தன் காதிலேயே வைத்துக்கொண்டார். அப்போதும் கேட்கவில்லை.

"இன்னொருவாட்டி போடு" என்றார். அந்தப் பெண் போட்டாள். மூன்றாவது தடவை அவள் தானாகவே போனை வாங்கிக்கொண்டு, "பரவால்ல டீச்சர், வுடுங்க" என்றாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அம்பயர் குழுச் செயலாளர் தாண்டவராயன் மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"டீச்சர், அடுத்த மாசம் முகையூர் திருவிழா மேட்ச். அந்தக் கூட்டம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். அங்க இப்பிடி ஒண்ணு ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் நீங்க ஸ்கோர் டேபிள்தான்."

"டேபிள்ல குந்திக்கினு பாயிண்ட் எழுதுன்றீங்க."

"நெழல்ல ஒக்காருவீங்க, டீச்சர். ஃபேன் இருக்கும்."

"நீங்க போய் ஒக்காருங்களேன் சார்."

தாண்டவராயன் காலி டம்ளரை இன்னொரு தரம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

விழுப்புரத்தில் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, மூச்சு மாதிரி மெல்லிய, கீச்சான சத்தங்கள்தான் குறைவாகக் கேட்கின்றன, காது மெஷின் வைத்தால் சரியாகிவிடும் என்றார். "எத்தன வருஷமா விசில் ஊதறீங்க?" என்று கேட்டார். "முப்பது இருக்கும் சார்" என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கவுண்டரில் கிடைக்கிற மெஷினே உங்கள் அளவுக்குப் போதும், ஆனால் நாலைந்து போட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

போட்டுப் பார்ப்பது என்றால் டீச்சருக்கு ஒரே முறைதான் தெரியும். பள்ளி அலமாரியிலிருந்து பழைய கபடி ஸ்கோர் ஷீட் ஒன்றை எடுத்துவந்து டைனிங் டேபிளில் விரித்தார். வீராங்கனைகள் பெயர் எழுதுகிற இடத்தில் மெஷின்களின் பெயர். மேலே கேண்ட், மிக்சி, விசில், ஓட்டம் என்று கட்டங்கள். தாங்கினால் பாயிண்ட், தாங்காவிட்டால் அவுட். கணவர் தொம்மை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார். மின்வாரியத்தில் போர்மேன், அவரும் எதையும் டெஸ்ட் பண்ணாமல் நம்பாத ஆள்தான்.

"ராணி, கேண்ட்டுன்னு போட்டிருக்கியே. யாரு சொல்லப் போறது?"

"நீங்கதான்."

"நானா? நான் ஸ்கூல்லயே கேரம் போர்டுதான்டீ ஆடினேன்."

முதலில் களத்தில் இறங்கியது மெடிக்கல் ஷாப் மெஷின். டப்பா கசங்காமல் நாளைக்குள் கொண்டுவரவேண்டும் என்ற பேச்சில் கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். காதுக்குப் பின்னால் மாட்டுவது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு. மாட்டியதும் டீச்சருக்கு ஒரே ஆனந்தம். சமையல் மேடையில் பல்லி ஓடுவது கேட்டது. தொம்மையின் மூக்கில் மூச்சு போய்வருவது கேட்டது. தொம்மை ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று வெட்கத்தோடு கபடி சொன்னதும் எழுத்து எழுத்தாகக் கேட்டது.

"சூப்பருங்க! இருங்க, விசில் பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் முழு வேகத்தில் ஊதினார்.

குக்கர் ஒன்று மண்டைக்குள்ளேயே வெடித்தது போலிருந்தது. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொம்மை ஓடிவந்து மெஷினைப் பிடுங்கினார். கீழ் வீட்டு வெள்ளையம்மாள் மாடிப்படியில் நின்று கத்தினாள். "என்னா டீச்சர், லாரி ரிவர்ஸ் எடுக்குதா மேல?"

டீச்சர் தரையில் உட்கார்ந்தபடியே ஸ்கோர் ஷீட்டை எட்டி எடுத்தார். கேண்ட், ஒரு பாயிண்ட். விசில், அவுட்.

இரண்டாவது மெஷினைத் தொம்மையின் ஆபீசில் ரிடையர் ஆன லைன்மேன் மண்ணாங்கட்டி இரவலாகக் கொடுத்திருந்தார். சட்டைப் பையில் வைக்கிற தீப்பெட்டி மாதிரிப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். விசிலை அது அலட்சியமாகத் தாங்கியது. ஆனால் மொட்டை மாடியில் டீச்சர் ஓரக்கோட்டில் ஓடுவது மாதிரி ஓடியபோது துணி உரசுகிற சத்தம் நெல் தூற்றுவது போல் காதை அடைத்தது. மூன்றாவது ஓட்டத்தில் ஒயரும் விசில் கயிறும் பின்னிக்கொண்டு கழுத்தை நெரித்தன. தொம்மை கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு வருவதற்குள் டீச்சரே பிரித்துவிட்டார். ஓட்டம், அவுட்.

மேட்ச்சுக்கு ஒன்பது நாள் இருந்தது. டீச்சர் பஸ் ஏறி விழுப்புரத்தில் சித்ராவின் கடைக்குப் போனார். காது மெஷினுக்கென்றே இருக்கிற கடை. சித்ரா அதற்கான படிப்புப் படித்தவள், முப்பது வயதிருக்கும். ஆளைப் பார்த்து அளவெடுத்து வைக்கிற மெஷினைத்தான் முதலில் காட்டினாள். ஆர்டர் போட்டு வர இரண்டு வாரம் ஆகும் என்றதும் டீச்சர் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒம்போது நாள்தாம்மா இருக்குது. கையோட எடுத்துகினு போற மாதிரி என்னா வெச்சிருக்க?"

சித்ரா கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். பாட்டுக் கேட்கிற ப்ளூடூத் மாதிரியே இருந்தது. காதுக்குள் அடக்கமாக உட்கார்ந்தது. போனில் ஒரு ஆப். வீடு, கூட்டம், டிவி, மியூசிக் என்று நாலு மோடு. இரைச்சலைத் தானே குறைத்துவிடுமாம்.

"பெரிய சத்தம் வந்தா இதுவே அமுக்கிடும் மேடம். காதுல அடிக்காது."

"விசிலு?"

"அமுக்கணும்."

"ஊதிப் பாக்கட்டா?"

சித்ரா சுற்றிலும் பார்த்தாள். "மெதுவா ஊதுங்க மேடம்."

இருபத்தேழு வருஷத்தில் டீச்சர் மெதுவாக ஊதியதே இல்லை. ஊதினார். காதில் அது தூரத்துப் பேருந்து நிலையத்து விசில் மாதிரிப் பதமாக விழுந்தது. நாற்காலியில் சோதனைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் துள்ளி எழுந்தார்.

"ஐயா, உங்களுக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார் டீச்சர். பெரியவரின் மகன் சிரித்தான், பெரியவர் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று சித்ரா எழுதிக் கொடுத்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டக்டர் கிழிக்கிற டிக்கெட் கேட்டது. பின் சீட்டில் ஒரு குடும்பம் வறுத்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, உடைத்துத் தின்றுகொண்டு வந்தது. ஒவ்வொரு ஓடும் 'டிக், டிக்' என்று நொறுங்கியது. மல்லாட்டைக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பதையே மறந்து போயிருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டீச்சர் தனக்கும் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவர்கள் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

அன்று சாயந்திரம் சமையலறையில் பெரிய பரீட்சை. மிக்சியில் இட்லிப் பொடி, ஹாலில் டிவி, மேலே ஃபேன், எல்லாம் முழு வேகத்தில். டீச்சர் பெண்கள் கோர்ட்டின் அகலத்துக்கு எட்டு மீட்டர் அளந்து பால்கனிக் கதவோரம் நின்றார். போனில் 'கூட்டம்' மோடைத் தட்டினார். மேட்ச் என்றால் கூட்டம்தானே.

"சொல்லுங்க!"

"கபடி கபடி கபடி... அப்பாடா... கபடி கபடி... ராணி, பொடி போதுமா? கபடி..."

"நடுவுல பேசாதீங்க! ஒரே மூச்சா சொல்லுங்க."

"மூச்சு இருந்தா சொல்ல மாட்டனா? அம்பத்தெட்டு வயசுல என்ன வெச்சி பேஜாரு பண்ற. கபடி கபடி..."

மிக்சி அடங்கிப்போய் எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போலக் கேட்டது. அதற்கு மேலே தொம்மையின் கபடி பளிச்சென்று நின்றது. அவர் மூச்சு வாங்கிய ஒவ்வொரு இடத்திலும் டீச்சர் கையைத் தூக்கினார். பத்துக்குப் பத்து. மிக்சியை நிறுத்திவிட்டு ஸ்கோர் ஷீட்டில் எல்லாக் கட்டத்திலும் பாயிண்ட் போட்டார்.

"முடிஞ்சுதுங்க. இதான்."

"நான் ஜெயிச்சிட்டனா?"

"நீங்க பத்துவாட்டி அவுட்டு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டிவனத்துப் பெண்கள் கிளப் ஒன்று பயிற்சி ஆட்டம் வைத்திருந்தது. டீச்சர் தானாகவே போய் லைனில் நின்றார். ஆப்பில் 'கூட்டம்', காதில் மெஷின், மனதில் ஏக உற்சாகம். முதல் ரைடர் நடுக்கோட்டைத் தாண்டினாள். கபடி கபடி கபடி என்று கண்ணாடி மாதிரிக் கேட்டது. நாலு நொடி ஆகியிருக்கும். சத்தம் தேய்ந்தது, தேய்ந்து மறைந்தே போனது.

டீச்சர் ஊதினார். "கேண்ட் அவுட்!"

ரைடர் அப்படியே நின்றுவிட்டாள். "டீச்சர், நான் வுடவே இல்லியே!"

"ஆமா டீச்சர், சொல்லிகினுதான் இருந்தா" என்றாள் எதிர் அணிப் பெண். எதிர் அணியே சொல்கிறது என்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. டீச்சர் தீர்ப்பை மாற்றினார். அடுத்த ரைடும் அதே மாதிரிதான். முதலில் பளிச், நாலாவது நொடியில் காணோம். அதன் பிறகு அவர் ஊதவில்லை. உதட்டைப் பார்த்து ஒப்பேற்றினார்.

வீட்டுக்கு வந்து மெஷின்களைக் கழற்றி டேபிளில் வைத்தார். கேட்காத அம்பயராவது அறுந்த கேண்ட்டைத்தான் தவறவிடுகிறார். இது அறுகாத கேண்ட்டை அறுந்தது என்று சொல்ல வைக்கிறது. இதை மாட்டிக்கொண்டு முகையூரில் நின்றால் ஸ்கோர் டேபிள்கூடக் கிடைக்காது.

"என்கிட்ட நல்லாக் கேட்டுச்சே" என்றார் தொம்மை.

"அதான் புரியல."

அன்று சாயந்திரம் அவர்கள் தெருவில் அன்பியக் கூட்டம். பதினைந்து குடும்பம் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள், இந்த வாரம் கிளாரா வீடு. டீச்சருக்குப் போக மனசில்லை. போகாவிட்டால் கிளாரா அடுத்த வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள் என்பதால் மெஷினை மாட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

ஜெபமாலை தொடங்கியது. கிளாரா முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியைச் சொன்னார்கள். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், தண்ணீர் மோட்டார் ஓடுவது மாதிரி ஒரே சீராக ஓடுகிற ஜெபம். மாலையின் மூன்றாவது மணியிலேயே டீச்சருக்குச் சத்தம் தேய்ந்தது. இருபது பேர் வாய் அசைகிறது, சத்தம் எங்கோ கிணற்றடியில் கேட்கிறது. கடைசிப் பத்து மணிக்கு வந்தபோது பின்னால் உட்கார்ந்திருந்த சிறுவன் அந்தோணி பிரபு இருமினான். அந்த இருமல் பளிச்சென்று வந்தது. இருமலோடு சேர்ந்து ஜெபமும் ஒரு கணம் திரும்பி வந்தது. பிறகு மறுபடி தேய்ந்தது.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தமும் கேட்கவில்லை. இந்த மெஷினுக்கு ஜெபமும் ஃபேனும் ஒன்று. நிறுத்தாமல் ஒரே சீராக ஓடுகிற எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. தொம்மை நாலு கபடிக்கு ஒருதரம் மூச்சு வாங்கியதால் அதைப் பேச்சு என்று நினைத்து விட்டுவிட்டது. நிஜமான ரைடர் மூச்சு விடாமல் சொல்கிறாள். எவ்வளவு நன்றாகச் சொல்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் அமுக்கிவிடுகிறது. ஆடத் தெரியாத ஆளை வைத்து டெஸ்ட் பண்ணியிருக்கிறோம்!

பக்கத்தில் இருந்த தொம்மையின் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தொம்மை பதறி ஆமென் என்றார். ஆமெனுக்கு இன்னும் பாதி ஜெபம் பாக்கி இருந்தது.

டீச்சர் வாசலுக்கு ஓடிப்போய்ச் சித்ராவுக்குப் போன் போட்டார்.

"மேடம், ஞாயித்துக்கெழம..."

"ஒரே நிமிஷம்மா. இந்த இரைச்சலக் கொறைக்கிறத நிறுத்த முடியுமா?"

"தனியா நிறுத்த முடியாது மேடம். ஆனா மியூசிக் மோட்ல அது வேலை செய்யாது. வீணை மாதிரி நீளமா வர்ற சத்தத்த அமுக்கிட்டா பாட்டுக் கேக்க முடியாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. ஆனா சுத்தி இருக்கிற எல்லாமும் சேந்து வரும். கையக் காதுகிட்ட கொண்டு போனா கீச்சுன்னு கத்தும். யாரும் மேட்ச்சுக்கு அத வெக்க மாட்டாங்க."

"விசில அமுக்குமா?"

"அது எல்லா மோட்லயும் உண்டு."

டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்து, முந்தானைக்குள் போனை மறைத்து மியூசிக்கைத் தட்டினார். ஃபேன் வந்தது. தெருவில் போகிற பைக் வந்தது. யாரோ வளையலைத் தள்ளிவிட்டுக்கொள்வது வந்தது. ஜெபம் முழுசாக, தேயாமல் வந்தது. கிளாரா எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குகிறாள் என்பதுகூட வந்தது. ஆனால் அதற்குள் கடைசி மணி ஆகிவிட்டது. கிளாரா சிலுவை போடக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, நிறுத்தாதீங்க!" என்றார் டீச்சர். "இன்னொரு பத்து மணி சொல்லுங்க."

கிளாரா முறைத்தாள். முந்தானைக்குள் போன் வெளிச்சம் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. "ஜெப நேரத்துல போன் நோண்டிகினு இருந்துட்டு இப்ப பக்தி வந்துடுச்சா டீச்சர்?"

"வேண்டுதல்க்கா. கொஞ்சம் வேகமா, மூச்சு வுடாம சொல்லுங்க."

வேண்டுதல் என்றால் கிளாராவால் மறுக்க முடியாது. சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. அந்தோணி பிரபு கதவைப் பார்த்தான். பதினைந்து குடும்பமும் இன்னொரு பத்து மணி சொன்னது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு அறுந்த இடங்களில் மடிக்குள் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். முப்பத்தொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணைத் திறந்தபோது முகம் அப்படி மின்னியது. வீட்டில் ஏதாவது விசேஷமா என்று பக்கத்திலிருந்தவள் தொம்மையைக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலையிலேயே அதே கிளப்பின் பயிற்சிக்குப் போய் நாற்பது ரைடு பார்த்தார். ஸ்கோர் ஷீட்டில் பழைய பாயிண்ட்டை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அவுட் காட்டக் கையைத் தூக்கும்போது மட்டும் மெஷின் ஒருமுறை கீச்சிட்டது. கையைக் காதை ஒட்டித் தூக்காமல் விலக்கித் தூக்கப் பழகிக்கொண்டார். திருப்பித் தருகிற நாள் வந்தபோது சித்ராவுக்குப் போன் பண்ணி, "தர மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

முகையூரில் வெயில் தாழ்ந்தும் வெக்கை குறையவில்லை. மைதானத்தைச் சுற்றி மூன்று வரிசை ஆள், டிராக்டர் மேல் ஒரு வரிசை. உள்ளூர் அணிக்கும் விழுப்புரம் காலேஜ் அணிக்கும் அரையிறுதி. ஒரு லைனில் டீச்சர், எதிர் லைனில் தாண்டவராயன். ரெஃபரி சின்னதுரை. தொம்மை கூட்டத்தில் குடையோடு நின்றிருந்தார். தாண்டவராயன் நடந்து வந்து, "டீச்சர், ரெடியா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"கத்தாதீங்க சார், கேக்குது."

மியூசிக் மோடில் முகையூர் முழுக்க ஒரே நேரத்தில் காதுக்குள் இறங்கியது. மேளம், பீப்பி, ஐஸ் வண்டி மணி. இத்தனை வருஷமாகக் கேட்காமல் போன இன்னொன்றும் கேட்டது. முதல் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். "அந்த டீச்சரம்மாவப் பாரு. காதுல ப்ளூடூத் மாட்டிகினு மேட்ச்சுல பாட்டுக் கேக்குது."

"வயசானா என்னாடா, ஒரு ஜாலிதான்."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முகையூர் அணியின் முதல் ரைடர் கலைப்பிரியா. இருபது வயது, ஒல்லி, மின்னல் மாதிரிக் கால். பத்தாவது நிமிஷம் அவள் வலது ஓரமாக, டீச்சர் பக்கமாகவே வந்தாள். ஒருத்தியைத் தொட்டாள். இரண்டாவது ஆளுக்காகக் காலை நீட்டினாள். முதுகு டீச்சர் பக்கம். மேளம் உச்சத்தில் இருந்தது. கபடி கபடி கபடி என்று தேயாமல் ஓடிய சத்தத்தின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. ஒரு சின்ன 'ஹ்'. பிறகு மறுபடி கபடி.

டீச்சர் ஊதினார். கையை விலக்கித் தூக்கினார். "கேண்ட் அவுட்!"

மைதானம் கொதித்தது. உள்ளூர்ப் பெண், உள்ளூர்த் திருவிழா. டிராக்டர் மேலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. முகையூர் கேப்டன் ஓடி வந்தாள். "டீச்சர், அநியாயம் பண்ணாதீங்க! அவ வுடவே இல்ல!" சின்னதுரை நடு மைதானத்திலிருந்து வந்தார். எதிர் லைனில் தாண்டவராயன் கோட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குடையோடு நின்ற தொம்மை குடையை மடக்கினார்.

இந்தத் தீர்ப்பு தப்பாகிவிட்டால் இதுதான் டீச்சர் லைனில் நிற்கிற கடைசி நாள். ஆனால் கை இறங்கவில்லை.

கலைப்பிரியா கத்தவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து டீச்சரையே பார்த்தாள்.

"நெசமாவே கேட்டுச்சா டீச்சர்?"

கேப்டன் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கலைப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் சின்னதுரைக்கும், முதல் வரிசைக்கும், அங்கிருந்து டிராக்டர் வரைக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"கேட்டுச்சு" என்றார் டீச்சர். "எத்தினி நாளா என் பக்கம் வந்து மூச்சு வாங்கற?"

"நான் மட்டும் இல்ல டீச்சர்" என்றாள் கலைப்பிரியா. "எல்லாருந்தான்."

கேப்டன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். காலேஜ் அணிக்கு ஒரு பாயிண்ட். டீச்சர் விசிலை உதட்டில் வைத்தபடி அசையாமல் நின்றார். எல்லாரும் என்றால், பிரம்மதேசம் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் எத்தனையோ. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, அடுத்த ரைடர் நடுக்கோட்டில் நின்றாள். அவள் டீச்சரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகத் தாண்டவராயன் பக்கம் போனாள். அதற்கடுத்தவளும் அந்தப் பக்கம்தான். இடைவேளை வரை இரண்டு அணிப் பெண்களும் மைதானமே இடது பக்கம் சாய்ந்துவிட்டது மாதிரி அங்கேயே ஓடினார்கள். தாண்டவராயன் குனிந்து, கையைக் காதில் குவித்துக்கொண்டு, கோட்டில் இப்படியும் அப்படியும் நடந்தார். இரண்டு தடவை ஊதலாமா வேண்டாமா என்று விசிலைத் தூக்கி இறக்கினார்.

இடைவேளையில் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், செகண்ட் ஹாஃப்ல நாம எடம் மாத்திக்கலாமா?"

"ஏன் சார்? என் பக்கம் வெயிலாச்சே."

"வெயில் பரவால்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொண்ணுங்க எல்லாம் என் பக்கமே வருதுங்க. அந்த மேளத்துல எனக்கு ஒண்ணும் புடிபடல."

"அப்ப டேபிள்ல யாரு ஒக்கார்றது?"

"அதான் அங்க ஆள் இருக்குதே, டீச்சர். நீங்க ஜல்தியா வாங்க. அடுத்த வாரம் ஃபைனலுக்கும் உங்க பேரத்தான் எழுதியிருக்கேன்."

டீச்சர் தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தார். மெஷின்களை ஒருமுறை அழுத்திச் சரிசெய்துகொண்டார். வலது மெஷின் லேசாகக் கீச்சிட்டது. பிறகு நடுக்கோடு வழியாக மைதானத்தைக் கடந்து எதிர் லைனுக்கு நடந்தார். கோர்ட்டின் மறு ஓரத்தில் இரண்டு அணிப் பெண்களும் தனித்தனியாக வட்டம் போட்டு நின்றிருந்தார்கள்.

"அடியே, டீச்சர் அந்தப் பக்கம் மாறுதுடீ" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"ஆமாடீ, மாறுறேன்" என்றார் டீச்சர், திரும்பாமல்.